மிண்டன் 1999 கிளைடர் விபத்து: இவ்ளோ அனுபவம் இருந்தும் எப்படி?

நீலப்பருந்து:
எல்லாருக்கும் வணக்கம். நான் சமவெளில கிளைடிங், அதாவது இஞ்சின் சக்தி இல்லாம காத்துலயே பறக்கறது, கத்துக்கிட்டு இப்பதான் தனியா பறக்க ஆரம்பிச்சிருக்கேன், அடுத்த சீசன்ல மலைப்பகுதில ஒரு பயிற்சி முகாமுக்குப் போறேன், அதுக்காக பழைய விபத்து அறிக்கைகளத் தேடிப் படிச்சிட்டு இருக்கேன். அதுல ஒண்ணு மனச விட்டுப் போக மாட்டேங்குது. 1999 ஜூலை 13, அமெரிக்காவுல நெவாடா மாநிலம் மிண்டன் பக்கத்துல, சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கால, நிம்பஸ் 4டிஎம்னு ரெண்டு பேர் உக்கார்ற கிளைடர் வானத்துலயே இறக்கை முறிஞ்சு விழுந்துச்சு, ரெண்டு பேரும் இறந்துட்டாங்க.

யாருன்னு பாத்தா இன்னும் கஷ்டமா இருக்கு. ஒருத்தர் டொனால்ட் எங்கென், கடற்படை விமானி, ரெண்டாம் உலகப்போர்ல பறந்தவர், 1984ல இருந்து 87 வரைக்கும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவுக்கே தலைவரா இருந்தவர், இறந்தப்ப ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தோட இயக்குநர். இன்னொருத்தர் பில் ஐவன்ஸ், 1950 டிசம்பர் 30 அன்னைக்கு கலிஃபோர்னியால பிஷப் ஊருக்கு மேல மலை அலைய, அதாவது மலையத் தாண்டின காத்து அலை மாதிரி மேல எழும்பறத, பிடிச்சு 42,000 அடிக்கு மேல ஏறி உலக சாதனை வச்சவர், சர்வதேச கிளைடிங் கமிஷனுக்கும் தலைவரா இருந்திருக்கார். இவங்களுக்கே இப்படின்னா என்ன மாதிரி ஆளுக்கு மலைல என்ன வேலைன்னு ஒரு பயம் வருது. மலைல பறந்தவங்க கொஞ்சம் பேசுங்க, ஆறுதலுக்காகச் சொல்ல வேணாம், உள்ளத அப்படியே சொல்லுங்க.

டர்பைன்:
நான் கிளைடர் ஓட்டுறவன் இல்ல, இஞ்சின் விமானம்தான். எங்கெனுக்கு 75 வயசு, ஐவன்ஸ் அதுக்கும் மேல. அமெரிக்காவுல கிளைடருக்கு மருத்துவச் சான்றிதழே தேவையில்ல. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்? வயசானா கை மெதுவாகும், அவ்ளோதான்.

ஆணிவேர்:
டர்பைன், அறிக்கைல அப்படி எங்கயும் சொல்லல. அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி சொன்ன காரணம் இதுதான்: தெரியாம ஒரு ஸ்பின் (தூக்குவிசை இழந்து சுழன்டு விழறது) இல்லன்னா ஸ்பைரல் டைவ்ல (வேகம் ஏறிக்கிட்டே சுருளா கீழ பாயறது) மாட்டுச்சு, அதுல இருந்து மீட்கறப்ப அனுமதிச்ச உச்ச வேகத்தத் தாண்டிடுச்சு, மூக்க மேல கீழ கொண்டுபோற எலிவேட்டர அளவுக்கு மீறி இழுத்ததுல இறக்கை தாங்குற எல்லையையும் தாண்டி முறிஞ்சுது. கீழ இருந்து பாத்தவங்க சொன்னதும் இதோட ஒத்துப்போகுது, மூக்கு மேல எழும்பி சமநிலைக்கு வர்ற நேரத்துல இறக்கை ரெண்டும் வில்லு மாதிரி மேல வளைஞ்சு, முதல்ல நுனிப்பகுதி பிச்சிக்கிட்டுப் போயி, உடனே மிச்சமும் சிதறிடுச்சு.

நான் விமானக் கட்டமைப்புல வேலை பாக்குறவன், அதனால இந்த எடத்துல கொஞ்சம் நின்னு பேசணும். நிம்பஸ் 4 குடும்பத்துக்கு இறக்கை நீளம் ஒரு முனைல இருந்து மறுமுனைக்கு 26 மீட்டருக்கு மேல. தெர்மல்ல, அதாவது மேல எழும்பற சூடான காத்துல, 45 டிகிரி சாய்ச்சு 100 கிமீ வேகத்துல சுத்தறீங்கன்னு வைங்க, வட்டத்தோட ஆரம் 80 மீட்டர்கிட்ட வரும். அந்த வட்டத்துல உள்பக்க இறக்கை முனை 88 கிமீ வேகத்துலதான் போகும், வெளிப்பக்க முனை 112. ஒரே விமானத்துல ரெண்டு முனைக்கும் 24 கிமீ வித்தியாசம். 15 மீட்டர் இறக்கை இருக்குற சின்ன கிளைடர்ல இந்த வித்தியாசம் பாதிதான் வரும். அப்ப கொஞ்சம் வேகம் கொறஞ்சாலும், ஒரு முரட்டுக் காத்து தட்டுனாலும், உள்பக்க முனைதான் முதல்ல ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசைய இழக்கும், இறக்கை சரியும், மூக்கு கீழ போகும்.

அதுக்கப்புறம் நேரம்தான் எதிரி. இந்த மாதிரி வழுவழுன்னு செஞ்ச கிளைடர்ல காத்துத் தடை ரொம்பக் கம்மி. மூக்கு செங்குத்தா கீழ பாத்துட்டா ஒவ்வொரு விநாடிக்கும் கிட்டத்தட்ட 35 கிமீ வேகம் ஏறும். 100ல ஆரம்பிச்சா நாலே விநாடில 240. எழுத்துல பாக்க சின்ன நேரம்தான், ஆனா அதுக்குள்ள சுழற்சிய நிறுத்தணும், வேகத்தப் பாக்கணும், எவ்ளோ இழுக்கலாம்னு முடிவெடுக்கணும். மெதுவா இழுத்தா வேகம் எல்லை தாண்டும், வேகமா இழுத்தா இறக்கை போகும். நடுவுல இருக்குற பாதை ரொம்ப ஒடுக்கம்.

நீலப்பருந்து:
இறக்கைல இருக்குற தடுப்புத் தகடு, அந்த ஏர்பிரேக் திறந்தா வேகம் கட்டுப்படுமே, அது உதவாதா?

ஆணிவேர்:
வேகத்துக்கு உதவும். ஆனா ஐரோப்பிய வடிவமைப்பு விதில பாத்தீங்கன்னா ஏர்பிரேக் மூடியிருக்கறப்ப கிளைடர் 5.3 ஜி, அதாவது தன் எடைய விட 5.3 மடங்கு சுமை, வரைக்கும் தாங்கணும், உச்ச வேகத்துல 4 ஜி, ஏர்பிரேக் திறந்திருந்தா 3.5 ஜி போதும். ஏன்னா பிரேக் திறந்த எடத்துல தூக்குவிசை செத்துப்போகும், அந்தச் சுமை இறக்கையோட வெளிப்பக்கத்துக்கு நகரும், வளைவு கூடும். அதனால திறக்கறதுன்னா சீக்கிரமே, வேகம் ஏறுறதுக்கு முன்னாடி திறக்கணும், திறந்துட்டா அதுக்கப்புறம் மென்மையா இழுக்கணும். வேகம் எல்லை தாண்டினப்புறம் பதட்டத்துல பிரேக்கையும் திறந்து ஸ்டிக்கையும் முழுசா இழுக்கறதுதான் ஆக மோசமான சேர்க்கை.

ரிட்ஜ் ரன்னர்:
தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. நான் மலைல ரொம்ப வருஷமா சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், அந்த உரிமைல பேசறேன்.

டர்பைனுக்கு முதல்ல ஒரு பதில். வயசுதான் காரணம்னா இவங்களுக்கு என்ன சொல்லுவீங்க? ஹெல்முட் ரைஷ்மன், 1970, 74, 78னு மூணு தடவ உலக சாம்பியன், உலகம் முழுக்க தூரப்பறத்தல் சொல்லிக்குடுத்த பேராசிரியர், 1992ல பிரெஞ்சு ஆல்ப்ஸ்ல இன்னொரு கிளைடரோட வானத்துல மோதி இறந்தார். க்ளாஸ் ஹோலிக்ஹவுஸ், ஷெம்ப்-ஹிர்த் கம்பெனியோட தலைவர், நிம்பஸ், வென்டஸ், டிஸ்கஸ் எல்லாம் அவர் கைவண்ணம், இன்னைக்கு நாம பறக்குற கிளைடர்கள்ல பாதிக்கு அவர்தான் அப்பான்னு சொல்லலாம், 1994 ஆகஸ்ட்ல சுவிஸ் ஆல்ப்ஸ்ல மலைல மோதி இறந்தார். ரெண்டு பேருமே ஐம்பதுகளோட தொடக்கத்துல இருந்தவங்க, பறக்கறதுல உச்சத்துல இருந்தவங்க.

அனுபவம் இருந்தா விபத்து வராதுங்கற நெனப்பையே விட்டுரணும். அனுபவம் என்ன பண்ணும்னா நம்மள கடினமான எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும், சரிவுக்கு இன்னும் பக்கத்துல, இன்னும் தாழ்வா, இன்னும் சின்ன பள்ளத்தாக்குக்குள்ள. புதுசா வர்றவன் 200 மீட்டர் தள்ளிப் பறப்பான், இருபது வருஷம் பறந்தவன் 30 மீட்டர்ல பறப்பான், ஏன்னா லிஃப்ட், மேல தூக்குற காத்து, அங்கதான் இருக்குன்னு அவனுக்குத் தெரியும். காத்துக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

அதனால நான் யாருகிட்டயும் "தப்பு யாரோடது"ன்னு விசாரிக்க மாட்டேன், "எந்த எடத்துல வெளிய போற வழி அடைஞ்சுது"ன்னுதான் கேப்பேன். மலைல நடக்குற கிட்டத்தட்ட எல்லா விபத்துலயும் தரைல மோதுறதுக்கு ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் முன்னாடி, விமானம் நல்லா பறந்துட்டு இருக்கறப்பவே, வழி அடைஞ்சு போயிருக்கும். ஓட்டுறவனுக்கு அந்த நேரத்துல அது தெரியாது, அதுதான் பயங்கரம்.

மேகமூட்டம்:
ரிட்ஜ் ரன்னர் அண்ணா சொன்னதுக்கு வானிலைப் பக்கத்துல இருந்து ஒரு கணக்கு சேக்கறேன். சமவெளிக்காரங்க நம்புறது கிளைட் ரேஷியோவ. 50க்கு 1 இருக்குற கிளைடர், 1000 மீட்டர் உயரம் இருந்தா 50 கிமீ போகலாம். அது காத்து சும்மா இருக்கறப்ப. மலைக்குப் பின்பக்கம், அதாவது காத்து மலையத் தாண்டி கீழ இறங்குற பக்கம், 5 மீட்டர் விநாடிக்குனு காத்து கீழ போறது சாதாரணம். 100 கிமீ வேகத்துல கிளைடரோட சொந்த இறக்கம் விநாடிக்கு அரை மீட்டர் சொச்சம்தான், அதோட இந்த 5ஐ சேத்தா 5.5க்கு மேல. கணக்குப் போடுங்க, 50க்கு 1 இருந்தது 5க்கு 1 ஆயிடும். அதே 1000 மீட்டர் உயரத்துல இப்ப 5 கிமீதான் போக முடியும். எதிர்க்காத்து 30 கிமீ இருந்தா மூணரை கிமீ. பள்ளத்தாக்கோட அந்தப் பக்கம் இருக்குற எறங்குற மைதானம் ஆறு கிமீ தள்ளி இருந்தா கத முடிஞ்சுது.

இதுல மனசுக்கு எதிரா ஒரு விஷயம் பண்ணணும். கீழ விழுந்துட்டே இருக்கறப்ப மூக்க இன்னும் கீழ தள்ளி வேகம் கூட்டணும். 150க்குப் போனா அந்த மோசமான காத்துல இருந்து சீக்கிரம் வெளிய வரலாம், ரேஷியோவும் கொஞ்சம் மேலாகும். ஆனா முன்னால பாறை நெருங்கி வர்றப்ப ஸ்டிக்க முன்னால தள்ள யாருக்குக் கை வரும்? எல்லாருக்கும் இழுக்கத்தான் தோணும். இழுத்தா வேகம் போகும், வேகம் போனா ஸ்டால்.

டர்பைன்:
இஞ்சின் இருந்தா இந்தப் பிரச்சன இல்லையே.

மேகமூட்டம்:
இருக்குங்க. ஸ்டீவ் ஃபாசெட் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. 2006 ஆகஸ்ட் 30 அன்னைக்கு அர்ஜென்டினாவுல எல் கலஃபாத்தேல இருந்து ஐனார் எனவோல்ட்சனோட பெர்லான் கிளைடர்ல 50,722 அடி ஏறி சாதனை வச்சவர், மலை அலையப் பத்தி அவருக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. அடுத்த வருஷம் 2007 செப்டம்பர் 3, இஞ்சின் இருக்குற ஒரு சின்ன விமானத்துல நெவாடால இருந்து கிளம்பினவர் திரும்பி வரல. ஒரு வருஷம் கழிச்சு மலையேறப் போன ஒருத்தர் கைல அவரோட அடையாள அட்டைங்க கெடச்சு, அப்புறம்தான் 2008 அக்டோபர்ல சியரா நெவாடாவுல மாமத் லேக்ஸ் பக்கத்துல சுமார் 10,000 அடி உயரத்துல சிதைவுகளக் கண்டுபிடிச்சாங்க. அந்த விமானம் ஏறக்கூடிய சக்திய விட கீழ இறங்குற காத்தோட சக்தி அதிகமா இருந்துச்சுன்னுதான் என்டிஎஸ்பி முடிவு சொல்லுச்சு. இஞ்சின் முழுசா ஓடிட்டு இருந்தாலும் காத்து ஜெயிக்கும்.

டர்பைன்:
இது எனக்குத் தெரியாது. நன்றி. வயசப் பத்தி அவசரப்பட்டு பேசிட்டேன்னு வேணா வச்சுக்குங்க, ஆனா மருத்துவப் பரிசோதனை வேணும்ங்கற கருத்துல மாத்தமில்ல.

ரிட்ஜ் ரன்னர்:
அதுல எனக்கும் சண்டையில்ல.

தம்பி, உனக்கு இப்ப சரிவோரப் பறத்தலப் பத்தி சொல்றேன், ஏன்னா மிண்டன் மாதிரி இறக்கை முறியறது அபூர்வம், மலைல நம்ம ஆளுங்கள அதிகமா கொல்றது சரிவுக்குப் பக்கத்துல ஸ்டாலும் ஸ்பின்னும், அடுத்தது மோதல். நீ சமவெளில கத்துக்கிட்ட ஒரு பழக்கம் அங்க உன்னக் கொல்லும். அது தெர்மல் கெடச்ச உடனே சுத்தறது. சரிவுக்குப் பக்கத்துல, ஏறுறோமா எறங்குறோமான்னு காட்டுற வேரியோ கத்துது, நல்ல லிஃப்ட், உடனே வட்டம் போடறேன்னு வை. ஒரு வட்டத்துக்கு 18 விநாடி ஆகும். காத்து மலைய நோக்கி 30 கிமீ வேகத்துல அடிக்குது. அந்த 18 விநாடில காத்து உன்ன 150 மீட்டர் மலைப்பக்கம் தள்ளியிருக்கும். வட்டத்த முடிக்கறப்ப, நீ ஆரம்பிச்ச எடம்னு நெனச்ச எடத்துல பாறை இருக்கும். அதனாலதான் முகட்டுக்கு மேல நல்லா ஏறுற வரைக்கும் வட்டமே கூடாது, எட்டு போடணும், ஒவ்வொரு திருப்பமும் மலைய விட்டு வெளிப்பக்கம்.

ரெண்டாவது, கண்ணு பொய் சொல்லும். சமவெளில தொடுவானம் இருக்கும், மூக்கு எங்க இருக்குன்னு ஒரு பார்வைல தெரியும். மலைக்குள்ள தொடுவானம் கெடையாது, எதிர்ல இருக்குற சரிவு மேல ஏறிட்டுப் போகும், மனசு அந்தச் சரிவோட விளிம்பையே தொடுவானம்னு எடுத்துக்கும். உடனே கை தன்னால மூக்க மேல தூக்கும். வேகம் 100, 95, 88னு கொறையும், கவனிக்கவே மாட்ட, ஏன்னா பக்கத்துல மரமெல்லாம் சர்ருனு பின்னால ஓடும், பின்காத்து இருந்தா இன்னும் வேகமா ஓடும், நாம ரொம்ப வேகமா போறோம்னுதான் தோணும். என் மாணவங்கள சரிவோரத்துல வச்சு நான் திரும்பத் திரும்ப சொல்ற ஒரே வார்த்த "வேகம்". காக்பிட்ல காத்தோட சத்தம் கொறையுதான்னு காது குடுத்துக் கேளு, மலைல கண்ண விட காது நேர்மையானது.

இதோட சாய்வுக் கணக்கு ஒண்ணையும் மனப்பாடம் பண்ணிக்கோ. நேரா பறக்கறப்ப 70ல ஸ்டால் ஆகுற கிளைடர் 45 டிகிரி சாய்ஞ்சா 83லயே ஸ்டால் ஆகும், 60 டிகிரி சாய்ஞ்சா 99. பாறைக்கிட்ட பயந்துபோய் சடார்னு திருப்பறவன் 60 டிகிரி சாய்ப்பான், அப்ப வேகம் 90 இருந்தா அவன் ஏற்கெனவே விழுந்துட்டு இருக்கான்.

நீலப்பருந்து:
அண்ணா, 99ங்கறது நான் வழக்கமா தெர்மல்ல பறக்குற வேகத்த விட அதிகம். இத யாரும் எனக்கு இப்படி எண்ணாச் சொன்னதில்ல.

தென்றல்77:
இந்த இழைய ரெண்டு நாளா படிச்சிட்டு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

நான் பறக்கறவ இல்ல. என் நெருங்கின நண்பர் பறந்தார், நான் அவருக்கு தரைல உதவி பண்றவ, கிளைடர் வேற எங்கயாவது எறங்கிட்டா டிரெய்லர எடுத்துட்டுப் போய் கூட்டிட்டு வர்றது என் வேலை. ஒரு மலைத்தொடர்ல பறக்கப் போனவர் சாயங்காலம் வரல. மத்தவங்க எல்லாம் எறங்கி, இறக்கைய கழட்டி, டிரெய்லருக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாங்க. அந்த மைதானத்துல திறந்தபடியே நின்ன டிரெய்லர் எங்களோடது ஒண்ணுதான். ரேடியோல அவரோட கூப்பாட்டுப் பேர சொல்லி சொல்லி கூப்பிட்டுட்டே இருந்தாங்க, வேற யாரோ ரெண்டு பள்ளத்தாக்கு தள்ளி இருந்து பதில் சொல்லுவாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி உயிர் வந்துட்டுப் போகும். வேற எங்கயோ வயல்ல எறங்கியிருப்பாரு, ஃபோன் சிக்னல் இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அதத்தான் நம்பினேன், வண்டில டீசல் இருக்கான்னு கூட பாத்து வச்சேன். மறுநாள் காலைல ஹெலிகாப்டர்தான் பாத்துச்சு, முகட்டுக்குக் கொஞ்சம் கீழ, மரத்துக்கு நடுவுல.

அதுக்கப்புறம் வந்த பேச்சுதான் என்னால தாங்க முடியல. அவன் எப்பவுமே கிட்டக்கதான் பறப்பான், ஒருநாள் நடக்கும்னு தெரியும், இப்படி. சடலம் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே. ரிட்ஜ் ரன்னர் சார் "வழி எங்க அடைஞ்சுது"ன்னு கேக்கணும்னு எழுதியிருந்தத படிச்சப்பதான் எனக்கு எழுதணும்னு தோணுச்சு. அன்னைக்கு யாராவது ஒருத்தர் அப்படிக் கேட்டிருந்தா நானும் உக்காந்து கேட்டிருப்பேன், எனக்குத் தெரிஞ்சதயும் சொல்லியிருப்பேன்.

ரிட்ஜ் ரன்னர்:
அம்மா, எழுதினதுக்கு நன்றி. உங்க நண்பருக்கு என் அஞ்சலி. இதுக்கு மேல சொல்ல எனக்கு வார்த்த இல்ல.

ஆணிவேர்:
உங்க இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம்.

இது எல்லாருக்கும் சொல்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்போட இணைப்பு 13 விபத்து விசாரணைக்கான விதி. அதுல விசாரணையோட ஒரே நோக்கம் இன்னொரு விபத்தத் தடுக்கறதுதான், பழியோ பொறுப்போ சுமத்தறது நோக்கமில்லன்னு தெளிவா எழுதியிருக்கு. அது நல்ல மனசுக்காக மட்டும் எழுதினது இல்ல. பழி போட ஆரம்பிச்சா மத்த பைலட்டுங்க வாய மூடிக்குவாங்க, "எனக்கும் போன மாசம் அதே சரிவுல அப்படி ஆச்சு"ன்னு சொல்ல வேண்டியவன் சொல்ல மாட்டான். அந்த ஒரு வாக்கியத்துல அடுத்தவன் உயிர் இருக்கு.

டர்பைன்:
தென்றல்77, நான் மேல எழுதினது அந்தப் பேச்சு மாதிரியேதான் இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க.

தென்றல்77:
நீங்க கேட்டது கேள்வி, டர்பைன். பரவால்ல.

நீலப்பருந்து:
மேடம், ரொம்ப நன்றி எழுதினதுக்கு.

எல்லார்கிட்டயும் இன்னொண்ணு கேக்கணும். ரைஷ்மன் மோதி இறந்ததச் சொன்னீங்க. இப்ப மோதல் எச்சரிக்கைக் கருவி ஃப்ளார்ம் இருக்கே, மோதல் பிரச்சன தீர்ந்துடுச்சா?

மேகமூட்டம்:
நல்லா கொறஞ்சிருக்கு, தீரல. ஃப்ளார்ம் 2004ல சுவிட்சர்லாந்துல வந்துச்சு, கிளைடர்காரங்களே கிளைடர்காரங்களுக்காக செஞ்சது. ஒவ்வொரு கிளைடரும் தான் இருக்குற எடத்தையும் அடுத்த சில விநாடி எங்க போகும்ங்கறதையும் ரேடியோல சொல்லும், மோதுற மாதிரி இருந்தா அலறும். ஆனா மலைத்தோள் நடுவுல நின்னா ரேடியோ அலை பாறைய ஊடுருவாது, முகட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்றவன் திடீர்னுதான் தெரிவான். பாராகிளைடர் எல்லார்கிட்டயும் இது இருக்காது. கழுகுகிட்ட இருக்காது. அப்புறம் கேபிள். ஆல்ப்ஸ் மாதிரி எடங்கள்ல பள்ளத்தாக்குல இருந்து மேல சாமான் கொண்டுபோற ஒத்தக் கம்பிகள் இருக்கும், கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கீழ தூணும் மேல கொட்டகையும்தான் தெரியும், அத வச்சுதான் நடுவுல கம்பி இருக்குன்னு ஊகிக்கணும். சில கருவில தடைகளோட தரவு இருக்கும், ஆனா எல்லா கம்பியும் அதுல ஏறியிருக்கும்னு நம்பிப் போகக் கூடாது.

ரிட்ஜ் ரன்னர்:
எதிர்எதிரா வர்றப்ப யாருக்கு மலை வலது பக்கம் இருக்கோ அவன் அப்படியே போகலாம், மத்தவன் வெளிய விலகணும், ஏன்னா வலது பக்கம் மலை இருக்குறவனுக்கு விலக எடமில்ல. இத தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்.

ஆணிவேர்:
எனக்கு ஒரு சந்தேகம், மேகமூட்டம். மலை அலைக்குக் கீழ காத்து புரள்ற ரோட்டர்ல கிளைடர் முறியறது உண்மையிலயே நடக்குமா, இல்ல பழைய காலத்து மர கிளைடர்ல மட்டுமா?

மேகமூட்டம்:
நடந்திருக்கு. 1955 ஏப்ரல்ல, சியரா நெவாடா மலை அலைய ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தப்ப, லாரி எட்கர் ஓட்டின ப்ராட்-ரீட் கிளைடர் ரோட்டர்ல மாட்டி துண்டு துண்டா போச்சு. அவர் பாராசூட்ல பொழச்சாரு. மூணு வருஷம் முன்னாடி அதே மலைல 44,000 அடிக்கு மேல ஏறினவர் அவர். அலை மேல இருக்கறப்ப பட்டு மாதிரி இருக்கும், வேரியோ மட்டும் ஏறும், குடுவைத் தண்ணி கூட அசையாது. அதுக்கு நேர் கீழதான் ரோட்டர், காத்து புரண்டு புரண்டு சுத்துற எடம். இன்னைக்கு கார்பன் இறக்கைங்க பலம் அதிகம், ஆனா அந்தக் காத்தும் அதே காத்துதான், அதனால ரோட்டர் எடத்துல வேகத்தக் கொறச்சு, பெல்ட்ட இறுக்கி போகணும்.

இன்னொண்ணு, மேல போனா வேகமானி காட்டுறதும் உண்மை வேகமும் ஒண்ணு இல்ல. 6000 மீட்டர்ல உண்மை வேகம் காட்டுறத விட 36 சதவீதம் கூட. படபடப்பு, அதாவது இறக்கை தானே அதிர ஆரம்பிக்கறது, உண்மை வேகத்தோட சம்பந்தப்பட்டது. அதனாலதான் காக்பிட்ல உயரத்துக்கு ஏத்த மாதிரி உச்ச வேகம் கொறையற அட்டவணை ஒட்டியிருக்கும். 200 காட்டுதே, இன்னும் எடம் இருக்குன்னு நெனச்சா அங்க நிஜத்துல 270 போயிட்டு இருப்ப.

நீலப்பருந்து:
இவ்ளோ படிச்சப்புறம் பயம் போகல, ஆனா பயத்துக்கு ஒரு வடிவம் வந்திருக்கு. முதல்ல அந்த ரெண்டு பெரியவங்களுக்கே இப்படின்னா நமக்கு எப்படின்னு நெனச்சேன். இப்ப அவங்க எந்த விநாடில எந்த இடுக்குல மாட்டினாங்கன்னு யோசிக்க முடியுது. ரிட்ஜ் ரன்னர் அண்ணா, முகாம்ல முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட நான் என்ன கேக்கணும்?

ரிட்ஜ் ரன்னர்:
பறக்கறதுக்கு முன்னாடி மேப்ப விரிச்சு வச்சு, அந்தப் பகுதில எறங்கக்கூடிய எல்லா எடத்தையும் காட்டச் சொல்லு, முடிஞ்சா வண்டில போய் நேர்ல நின்னு பாரு. மேல இருந்து பச்சையா அழகா தெரியுற மலை மேய்ச்சல் நெலம் பக்கத்துல போனா கல்லும் சரிவுமா இருக்கும். அப்புறம் ஒவ்வொரு எடத்துக்கும் எந்த உயரத்துல கிளம்பினா போய்ச் சேரலாம்னு எழுதிக்கோ, மேகமூட்டம் சொன்ன 5க்கு 1 கணக்க ஞாபகம் வச்சு, புத்தகத்துல இருக்குற ரேஷியோவ நம்பாம.

வானத்துல முதல் தடவ போறப்ப, முகட்டத் தாண்டுற எடத்துல அவர நிறுத்தி காட்டச் சொல்லு. நேரா மோதுற மாதிரி முகட்ட நோக்கிப் போகக் கூடாது, 45 டிகிரி சாய்வா போகணும், அப்பத்தான் காத்து கீழ தள்ளினா பாதித் திருப்பத்துலயே பள்ளத்தாக்குப் பக்கம் ஓடிரலாம். இத உன் கையால பண்ணிப் பாரு, தாண்டாமலே திரும்பி வந்து பாரு. தாண்டறத எல்லாரும் பழகுவாங்க. தாண்டாம திரும்பறதப் பழகறவன் கம்மி, கை அதுக்குப் பழகலன்னா தேவைப்படற அன்னைக்கு வராது.

கடைசியா, பறந்துட்டு இருக்கறப்ப சும்மா சும்மா அவர உன்கிட்ட "இப்ப எங்க எறங்குவ"ன்னு கேக்கச் சொல்லு. நீ ரெண்டு விநாடில விரல் நீட்டிக் காட்டணும். யோசிச்சன்னா ஏற்கெனவே லேட்டு, உடனே உயரமான எடத்துக்குப் போ.

தென்றல்77:
இதோட நானும் ஒண்ணு சொல்லிக்கறேன் தம்பி. தரைல ஒருத்தர் இருக்கணும். எந்தப் பள்ளத்தாக்கு வழியா போறீங்க, எத்தன மணிக்குள்ள வரலன்னா தேட ஆரம்பிக்கணும்னு அவர்கிட்ட எழுத்துல குடுத்துட்டுப் போங்க, மனசுல மட்டும் வச்சுக்காதீங்க. டிராக்கர் போட்டுக்கிட்டு அதோட லிங்க் அவர் ஃபோன்ல திறக்குதான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க. ஃபாசெட் எங்க போறேன்னு எந்தத் திட்டமும் பதிவு பண்ணாம கிளம்பினதாலதான் அவ்ளோ பெரிய பரப்புல தேட வேண்டியதாச்சுன்னு நானும் படிச்சிருக்கேன். தேடறவங்களுக்கு ஒரு பள்ளத்தாக்கு பேர் தெரிஞ்சாலே போதும், அடிபட்டு கெடக்குற ஆளுக்கு அந்த ராத்திரி முக்கியம்.

நீலப்பருந்து:
எழுதிக்கிட்டேன் மேடம். என் கூட தரைல வர்றது என் அக்கா, அவங்களயும் இந்த இழைய முழுசா படிக்கச் சொல்லியிருக்கேன். அவங்க உங்ககிட்ட டிராக்கர் பத்தி கேக்கணும்னாங்க, இங்கயே கேக்கச் சொல்லட்டுமா?

தென்றல்77:
தாராளமா கேக்கச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்றேன்.